செத்த பூச்சியா, கழற்றிப் போட்ட சட்டையா?

போன தடவை பரண் சுத்தம் செய்வதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எட்டுக்கால் பூச்சியைப் பற்றித்தான். அதில் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும், இந்தத் தடவைக்கு எழுதி வைத்திருந்த ஊறுகாய் விஷயத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். கடிதம் இதுதான்:

“அக்கா, எங்களுது ஓட்டு வீடு. தினம் காலையில பெருக்கும்போது கதவிடுக்கிலயும் அரிசி டின் பின்னாலயும் சின்னச் சின்னதா எட்டுக்கால் பூச்சி செத்துக் கிடக்கு. என் பையனுக்கு ஒன்பது மாசம். தவழ்ந்து போய் கையில கிடைச்சதை எல்லாம் வாயில போட்டுக்கறான். நேத்து அந்தப் பூச்சி ஒண்ணு அவன் வாயில இருந்துச்சு. ‘அது மேல ஊர்ந்தாலே அக்கி வரும், இன்னிக்கே மருந்து அடி’ங்கறாங்க மாமியார். இவரும் மருந்து வாங்கி வந்துட்டார். எனக்குத்தான் பயமா இருக்கு. அடிக்கலாமா?”

தங்கச்சி, முதல் காரியமாக அந்த மருந்து டப்பாவைப் பையனுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டும்மா. அவன் வாயில் போனது அநேகமாகப் பூச்சியே இல்லை. பூச்சி கழற்றிப் போட்ட சட்டை.

பாம்பு சட்டை உரிக்கிறது என்றால் எல்லோருக்கும் தெரியும். எட்டுக்கால் பூச்சியும் உரிக்கும் என்றால் “அப்படியா!” என்கிறார்கள். அதன் தோல் நம் தோல் மாதிரி கூடவே வளராது. குழந்தைக்குப் போன வருஷத்துச் சட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி அதற்கும் இறுக்கிப் பிடிக்கும். அப்போது உள்ளே புதுத்தோல் தயாராகிவிடும். பழையதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சின்னச் சாதி என்றால் பெரிதாவதற்குள் ஐந்தாறு தடவை, பெரிய சாதி என்றால் அதற்கும் மேல். அதனால் பத்துச் சட்டை கிடந்தால் வீட்டில் பத்துப் பூச்சி என்று கணக்குப் போட வேண்டாம். இரண்டே இரண்டு பூச்சி இத்தனை நாளாக மாற்றிப் போட்ட உருப்படிகளாகவும் இருக்கலாம்.

சட்டையில் விஷம் உண்டா? கிடையாது. விஷப்பை பூச்சியின் உடம்போடு போய்விடும். பல்லின் மேலுறை மட்டும் காலியாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தரைத் தூசியோடு அது வாய்க்குள் போவது நல்லதில்லை என்பது வேறு விஷயம். அதற்குத் துடைப்பம் இருக்கிறது, மருந்து எதற்கு?

சரி, செத்ததா சட்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்த பத்திரிகைகள் எந்த வீட்டில் இல்லை? அதன் மேல் இதைத் தள்ளி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் மெதுவாக ஊதுங்கள். சட்டையானால் பஞ்சாய்ப் பறக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியில் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேப்பர் படிக்க வைத்திருப்பதே போதும். தலைப் பக்கம் ஒரு சின்ன மூடி தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? வெற்றிலைச் செல்லத்து மூடியைத் திறந்தபடி விட்ட மாதிரி இருக்குமே, அதுதான் அடையாளம். பூச்சி அந்த வழியாகத்தான் உடம்பை வெளியே இழுத்துக்கொண்டு, பிறகு எட்டுக் கால்களையும் கால்சட்டையிலிருந்து உருவுகிற மாதிரி உருவி எடுக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோல் மட்டும் மெல்லியது என்பதால் சுருங்கிக் கசங்கிக் கிடக்கும்.

செத்த பூச்சிக்கு மூடி திறந்திருக்காது. கால் எல்லாம் வயிற்றுப் பக்கம் மடங்கிக் குவிந்திருக்கும். ஏன் அப்படி என்றால், காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை. உடம்புக்குள் இருக்கும் நீரை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டால் விறைத்து நிற்கும், நிறுத்தினால் துவண்டுவிடும் இல்லையா, அதே கதை. சட்டையிலும் சில சமயம் கால் மடங்கியிருக்கும் என்பதால் காலை நம்பாதீர்கள், மூடியைப் பாருங்கள்.

கரப்பான் பூச்சியும் சட்டை உரிக்கும். ஆனால் அது முதுகின் நடுவே நீளமாகத் தையல் பிரிந்த மாதிரி வெடித்திருக்கும், காலும் ஆறுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாய், மாடு இருக்கும் வீடுகளில் உண்ணியைக் குட்டிச் சிலந்தி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்ணிக்கும் வளர்ந்த பிறகு எட்டுக் கால். ஆனால் அதற்கு இடுப்பு கிடையாது, ஒரே உருண்டை. சிலந்திக்குத் தலையும் மார்பும் சேர்ந்த துண்டு ஒன்று, வயிறு ஒன்று, நடுவே ஊசி நுழைகிற மாதிரி இடுப்பு. சிலந்தியை விட்டுவிடலாம், உண்ணியை விடக்கூடாது. அது நோயைக் கொண்டு வரும்.

இப்போது, சட்டை யாருடையது என்று பார்ப்போமா? இதில்தான் சுவாரசியம் இருக்கிறது. தரையில் ஓடுகிற இந்தச் சின்னச் சிலந்திகள் வலை கட்டி உட்கார்ந்திருக்கிற சாதி அல்ல. ஓடிப் பிடித்துச் சாப்பிடுகிற வேட்டைக்காரர்கள். அதனால் கண்தான் அவற்றுக்கு முக்கியம். சட்டையின் அந்த மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கண் இருந்த இடமெல்லாம் கண்ணாடி பதித்த மாதிரி தெளிவாகத் தெரியும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண். அவை உட்கார்ந்திருக்கும் வரிசைதான் நம் ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்தைச் சொல்லிவிடும்.

கீழே சின்னதாக நாலு, அதற்கு மேல் பெரிதாக இரண்டு, இன்னும் மேலே தள்ளி இரண்டு என்று மூன்று வரிசை இருந்தால் அது ஓநாய்ச் சிலந்தி. பழுப்பும் சாம்பலுமாக, முதுகில் வெளிறிய பட்டையோடு, காய்ந்த சருகோடு சருகாக இருக்கும். நம் வீடுகளில் கொல்லையிலும், கிணற்றடியிலும், நெல் கொட்டும் இடத்திலும் ஓடுவதில் இதுதான் அதிகம். நிறையப் பேருக்கு உடம்பு அரை அங்குலம்கூட இராது. ராத்திரி டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பாருங்கள். அங்கங்கே பனித்துளி மாதிரி மின்னும். கிட்டப் போனால் அந்தப் பனித்துளி ஓடும்! பூனைக்கண் மின்னுகிற மாதிரிதான் இதுவும்.

இந்த ஓநாய்ச் சிலந்தியின் பெண்ணைப் பார்த்தால் நீங்கள் துடைப்பத்தை ஓங்கமாட்டீர்கள். முட்டைகளை எல்லாம் பட்டு நூலில் உருண்டையாகக் கட்டி, தன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகும். குஞ்சு பொரிக்கிற நேரம் வந்ததும் பையைத் தானே கடித்துத் திறந்துவிடும். அத்தனை குஞ்சுகளும் அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். சில நாள் வரை இறங்காது. ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சிகளைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் அந்த முட்டைப் பையை எடுத்துவிட்டு, பதிலுக்குத் தக்கையில் செதுக்கிய உருண்டையை வைத்தாராம். அதையும் பிள்ளை என்று நினைத்துப் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்ததாம் அந்தத் தாய். என்ன இருந்தாலும் இப்படியா ஏமாற்றுவது? எனக்கு அதைப் படித்ததிலிருந்து அந்த மனுஷர் மேல் கோபம்தான்.

அடுத்தவர், முன்பக்கம் மோட்டார் விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண் வைத்துக்கொண்டு, நாம் பார்த்தால் திரும்பி நம்மையே பார்ப்பவர். ஈப்புலி என்று பழைய பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஈயைக் கண்டால் பதுங்கிப் பதுங்கிப் போய்ப் புலி மாதிரியே பாயும். கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு சுவரிலும் ஜன்னல் கட்டையிலும் திரிவது ஆண். பெண் பழுப்பு. இதன் சட்டை தரையில் சுலபமாகக் கிடைக்காது. காலண்டர் பின்னால், கதவு நிலைச் சந்தில் வெள்ளையாக ஒரு பட்டுப்பை கட்டி, அதற்குள் போய்த்தான் உடை மாற்றும். அவ்வளவு வெட்கம்! இந்தக் குடும்பத்திலேயே எறும்பு வேஷம் போடுகிறது ஒன்று உண்டு. மாமரத்துச் செவ்வெறும்பு மாதிரியே இருக்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டும். எறும்புக்கு ஆறு கால்தானே, எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பூந்தொட்டியையோ அம்மிக்கல்லையோ நகர்த்தும்போது கறுப்பாக, நீள உருண்டையாக ஒன்று சரேல் என்று ஓடுகிறதா? அதன் வால் பக்கம் பாருங்கள். நூல் விடுகிற இரண்டு குழல் துப்பாக்கியின் இரட்டைக் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சட்டையிலும் அந்தக் குழல் தெரியும். பகலெல்லாம் கல்லுக்கடியில் பட்டுப்பைக்குள் தூங்கிவிட்டு ராத்திரி வேட்டைக்குக் கிளம்புகிற தரைச் சிலந்தி அது.

இன்னொன்று சின்னது அல்ல. ஆனால் அதன் சட்டைதான் எல்லோரையும் அலற வைக்கிறது. கால் விரித்தால் உள்ளங்கை அளவு. குளியலறைச் சுவரில் நண்டு மாதிரி பக்கவாட்டில் கால் பரப்பிக்கொண்டு தட்டையாக ஒட்டியிருக்கும். இதன் முட்டைப் பை வெள்ளை வட்டத் தகடு. அதை வயிற்றுக்கு அடியில் அணைத்துக்கொண்டிருக்கும். உலகம் பூராவும் வெப்பமான ஊர்களில் வீட்டோடு வீடாக இருக்கிற இதற்கு ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1767-லேயே பெயர் வைத்துவிட்டார். கரப்பான் இதற்குப் பிரியாணி. என் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அம்மாள் அதன் சட்டையைப் பார்த்துவிட்டு, “எம்மாடி, முழுசா செத்துத் தொங்குதும்மா!” என்று ஓடி வந்தார். மூடியைத் தூக்கிக் காட்டினேன். “அட, துணி அவுத்துப் போட்ருக்கு!” என்று சிரித்துவிட்டுத் தானே எடுத்துப் போட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சட்டையை வைத்துக் குடும்பப் பெயர் சொல்லலாம், ஆளின் பெயர் சொல்ல முடியாது. அதற்கு முழுசாக வளர்ந்த பூச்சியின் அடிவயிற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். என் மகள் விலங்கியல் படித்தபோது கல்லூரி நூலகத்தில் டிகாதர் என்பவர் மல்ஹோத்ராவுடன் சேர்ந்து 1980-ல் எழுதிய தடிப் புத்தகத்தைக் காட்டினாள். நம் நாட்டு ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன! நமக்கு அது வேண்டியதில்லை. ஆண் பெண் மட்டும் சொல்லிவிடலாம். முகத்துக்கு முன்னால் இருக்கிற குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டைக்காரன் உறை போட்ட மாதிரி உப்பியிருந்தால் ஆண்.

வீட்டுக்குள் ஓடுகிற இந்த ஓநாய்ச் சிலந்தியின் உறவுக்காரர்கள்தான் வயலுக்கும் காவல். நெல்லில் புகையான் விழுந்தால் பயிர் நெருப்பில் வாட்டின மாதிரி காய்ந்துபோகும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் புகையானைத் தேடித் தேடித் தின்பது தூரோடு ஓடுகிற ஓநாய்ச் சிலந்தி. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. கேட்க ஆள் இல்லாமல் புகையான் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசியாவில் இப்படிப் பட்டுப் பட்டுத்தான் 1986-ல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். வயலுக்கு ஆன நியாயம் வீட்டுக்கும்தான். கரப்பானையும் கொசுவையும் தின்கிறவளை நாமே கொன்றுவிட்டுப் பிறகு கரப்பானுக்கு மருந்து தேடுகிறோம்.

இனி மாமியார் சொன்ன அக்கிக்கு வருகிறேன். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் பெரிய நாத்தனாருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் நெற்றியின் வலப் பாதியில் எரிச்சல். மறுநாள் கொப்புளம். சரியாக நடு நெற்றியில் கோடு கிழித்தாற்போல் நின்று, வலக் கண்ணிமை வரை இறங்கியது. முந்தின நாள் தலையணையில் ஒரு எட்டுக்கால் பூச்சி ஓடியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். போதாதா? “பூச்சி மூத்திரம் பேஞ்சுடுச்சு” என்று தீர்ப்பு ஆகிவிட்டது. காவி குழைத்து அக்கி எழுதினார்கள். தலையணை உறையை எரித்தார்கள். வீடு முழுக்க மருந்து அடித்தார்கள். எனக்குச் சொல்லி அனுப்பி நான் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். கண் சிவந்து திறக்க முடியாமல் இருந்தது. அன்றைக்கே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். “முதல் நாளே வந்திருக்கலாமேம்மா” என்றார் அவர். பார்வை தப்பியது, தெய்வாதீனம். ஆனால் நெற்றியில் சுரீர் சுரீர் என்ற வலி ஏழு மாதம் விடவில்லை. தலை வாரச் சீப்பு வைக்க விடமாட்டார்.

அக்கிக்கும் சிலந்திக்கும் சம்பந்தமே இல்லை. சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போட்டதே, அந்தக் கிருமிதான். அம்மை இறங்கினாலும் அது நரம்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வயதாகி உடம்பு தளர்ந்த சமயத்தில் ஒரு நரம்பு வழியாகக் கிளம்பும். அதனால்தான் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன். கண், மூக்கு நுனிப் பக்கம் வந்தால் மணிக்கணக்குக்கூடப் பார்க்காமல் ஓடுங்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று காவி எழுதச் சொன்னால், நான் சண்டைக்குப் போகமாட்டேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, கண் பக்கம் படாமல் எழுதிக்கொள்ளட்டும்.

மழைக்காலத்தில் காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி வெந்து கிடக்கிறதே, அதுவும் சிலந்தி மேல்தான் பழி. அது விளக்குக்கு வருகிற ஒரு குட்டி வண்டின் வேலை. எறும்பு போல நீளம், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, கால் ஆறு. கடிக்காது. தூக்கத்தில் நாம் நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டு வேகும். உடம்பில் உட்கார்ந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்தப் பழி நம் ஊரில் மட்டும் இல்லை. இத்தாலியில் டாரன்டோ என்ற ஊர்ப் பக்கம், ஓநாய்ச் சிலந்தி கடித்தால் விடாமல் ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று நூற்றுக்கணக்கான வருஷம் மேளம் கொட்டி ஆடியிருக்கிறார்கள். அந்தச் சிலந்தி பிடித்து நசுக்கினால் கடிக்கும், உண்மைதான். குளவி கொட்டின மாதிரி வலித்துவிட்டு அடங்கிவிடும். நம் வீட்டுச் சின்னச் சிலந்திகளும் அப்படியே. நிறையப் பேரின் பல் நம் தோலில் இறங்கக்கூட இறங்காது. கழுவி, ஈரத்துணி வைத்தால் போதும். வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை வியாதிக்காரர் ஆனாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆகவே தங்கச்சி, மருந்து வேண்டாம். தரையில் அடித்த மருந்து சிலந்தியின் எட்டுக் கால் நுனியில் படுவதைவிடத் தவழ்கிற பிள்ளையின் உள்ளங்கையிலும் முழங்காலிலும்தான் அதிகம் படும். அந்தக் கை நேரே வாய்க்குப் போகும். பூச்சிக்குக் கோடு போடுகிற சாக்பீஸ் இருக்கிறதே, அதையும் வாங்காதே. பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடச் சாக்பீஸ்தான். காலையில் பிள்ளையைத் தரையில் விடுவதற்கு முன்னால் கதவிடுக்கு, டின் பின்னால், பாய் அடியில் ஒரு தடவை பெருக்கி ஈரத்துணி போடு. சாயங்காலம் வாசல் விளக்கைச் சீக்கிரம் அணைத்தால் பூச்சி வராது. பூச்சி வராவிட்டால் சிலந்திக்கும் வேலை இல்லை. உயிரோடு ஒன்று கூடத்துக்கு வந்துவிட்டால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அதே கல்யாணப் பத்திரிகையை நுழைத்து, கொல்லையில் கொண்டு போய் விடு. முதுகில் குஞ்சு இருந்தால் மெதுவாக.

மற்ற சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் கிடைத்த சட்டையில் எத்தனை வரிசைக் கண், எந்த மூலையில் கிடந்தது என்று எழுதுங்கள். சட்டையை மட்டும் கவருக்குள் வைத்து அனுப்பாதீர்கள். போன மாதம் ஒருவர் அனுப்பி, தபால் முத்திரைக் குத்தில் அரைத்த மிளகுத்தூளாக வந்து சேர்ந்தது.